கை தட்டாமல் வாங்கிய கோப்பு

என் பெயர் எஸ்னார்ட் கசுபா. வயது எழுபத்தொன்று. காலஞ்சென்ற லாசரோவின் மனைவி. என்டோலா நகரம், கபுஷி குடியிருப்பில், மாதா கோயிலுக்குப் பின் வரிசையில் வசித்து வருகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன்.

என் பேரப்பிள்ளைகளில் மூத்தவன் கெல்வின், கிட்வே சுரங்கத்தில் மின்சாரப் பிரிவு மேற்பார்வையாளன். அடுத்தவள் சோலா, லிவிங்ஸ்டனில் பிரசவ வார்டு நர்ஸ். போன வருடம் ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று குழந்தைகளையும் கையில் வாங்கியவள் அவள்தான். கடைக்குட்டி புவால்யா மாகாணக் கணக்குப் போட்டியில் இரண்டாம் இடம். முதலிடம் வந்த பையனுக்கு இவனைவிட இரண்டு வயது அதிகம். லோம்பே என் மகள் வயிற்றுப் பேத்தி, என் வீட்டில் வளர்ந்தவள், வயது இருபத்தாறு, வழக்கறிஞர் தகுதித் தேர்வின் பத்துத் தாள்களையும் ஒரே தடவையில் தேறியவள். இவை விசாரணைக்குத் தேவையில்லை என்று, இந்த வாக்குமூலத்தை எழுதும் வழக்கறிஞர் சங்க அலுவலர் கூறினார். எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன், எழுதினார்.

சென்ற பிப்ரவரியில் லோம்பே, திரு. சிப்பாஷா என்கிற மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். ஒரு வருடம் முடிந்ததும், இவள் நல்லொழுக்கம் உள்ளவள் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் இவளுக்குக் கறுப்பு அங்கி கிடைக்கும்.

அதன் பின்பு ஏப்ரல் மாதத்தில் நிலக்கடலை வறுத்து எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குச் சென்றேன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. லோம்பே தரையில் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் ஒரு வழக்குக் கோப்பை அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மெய்சிலிர்த்தது. இவ்வளவு படித்த பெண் பெரியவர்களுக்கு மண்டியிட்டுக் கொடுக்கும் நம் வழக்கத்தை மறக்கவில்லையே என்று நினைத்தேன். உள்ளே போய் அவரிடம், "ஐயா, என் பேத்தி படிச்சும் மரியாதைய மறக்கல பாருங்க" என்றேன். அவர் சிரித்து, "நல்லாத்தான் வளத்திருக்கீங்கம்மா. இன்னும் கொஞ்சம் வளைக்கணும்" என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். கோயில் மாதர் சங்கத்திலும் பெருமையாகச் சொன்னேன். வீட்டில் லோம்பேயிடம் சொன்னபோது அவள் கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள்.

அதன் பின்பு ஜூன் மாதத்திலிருந்து திங்கட்கிழமை காலைகளில் வாந்தி எடுத்தாள். தொலைபேசி அடித்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிடுவாள். நான் சடை பின்னும்போது பின்தலையில் ஒரு பிடி முடி சீப்போடு வந்தது. மூன்று தடவை, "அம்மாச்சி, இன்னிக்கு நான் போகல" என்றாள். மூன்று தடவையும் நான் அவள் பாவாடையை இஸ்திரி போட்டுக் கொடுத்து, பெரியவங்க திட்டினா வாங்கிக்கோ, ஒரு வருஷம்தானே என்று சொல்லி அனுப்பினேன். இதை அலுவலர் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

அதன் பின்பு செப்டம்பர் ஒன்பதாம் தேதி, அவளைப் பார்க்க ஆசைப்பட்டு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றேன். நீதிபதி உள்ளே வந்ததும் அத்தனை கறுப்பு அங்கிகளும் ஒன்றாக எழுந்த சத்தம், பெரிய மரத்திலிருந்து கொக்குக் கூட்டம் கிளம்பியதுபோல் இருந்தது. சிப்பாஷா பேசியபோது அந்தக் குரலுக்கு நானும் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். நீதிபதி ஒரு காகிதத்தைக் கேட்டார். அது தாக்கல் ஆகவில்லை. தன்னிடம் பயிற்சி பெறும் பெண்ணின் கவனக்குறைவு என்று சிப்பாஷா கூறினார். முந்தின வாரம் முழுவதும் அந்தக் காகிதத்தில் அவர் கையெழுத்து வாங்க லோம்பே அலைந்தது எனக்குத் தெரியும். பயிற்சியில் இருப்பவர் நீதிமன்றத்தில் வாய் திறக்கக் கூடாதாம். தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அதன் பின்பு வெளி வராந்தாவில் சிப்பாஷா கையிலிருந்த கோப்புக் கட்டைக் கீழே போட்டார். "முட்டி போட்டு எடு. உங்க வீட்ல அத நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்கல்ல?" என்றார். லோம்பே மண்டியிட்டுப் பொறுக்கி, கோப்பை இரண்டு கைகளாலும் நீட்டினாள். நான் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டியிட்டுக் கொடுப்பவரிடம் வாங்குவதற்கு முன் உள்ளங்கையைக் குவித்து மெல்லத் தட்ட வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். என் கணவர் நாங்கள் சண்டை போட்ட நாளில்கூடத் தட்டாமல் தட்டை வாங்கியதில்லை. சிப்பாஷா ஃபோனில் பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் பிடுங்கினார். ஏப்ரலிலும் அவர் தட்டவில்லை. அன்று நான் என் பேத்தியின் முழங்காலை மட்டும் பார்த்திருக்கிறேன்.

நான் போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டு மீதிக் காகிதங்களைப் பொறுக்கினேன். லோம்பே, "எந்திரிங்க அம்மாச்சி, உங்க முட்டி" என்றாள். சிப்பாஷா திரும்பி, "யார் இந்தக் கிழவி?" என்றார்.

அப்போது லோம்பே எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "சார், இவங்க எங்கம்மாவப் பெத்தவங்க. முதல்ல இவங்களுக்குக் கை தட்டி வணக்கம் சொல்லுங்க. கோப்பப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றாள்.

வராந்தாவில் இருந்த வழக்கறிஞர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பாறைக்கு வைத்த வெடி வெடித்து ஓய்ந்ததும் சுரங்கத்துக்குள் ஓர் அமைதி வரும் என்று, அங்கே வேலை பார்த்த என் கணவர் சொல்லுவார். அன்றுதான் அதை நான் கேட்டேன். நான் வளர்த்த பெண்தானா இவள் என்று தரையிலிருந்தே அண்ணாந்து பார்த்தேன். முழங்கால் வலி தெரியவில்லை.

சிப்பாஷா, "உன் காகிதத்துல என் கையெழுத்து விழாது" என்றார். "சரி சார்" என்று சொல்லிவிட்டு அவள் என்னைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். அவர் தட்டவில்லை. நாங்கள் வெளியேறினோம்.

அதன் பின்பு சிப்பாஷா, இவள் வேலையை விட்டு ஓடியவள் என்று வழக்கறிஞர் சங்கத்துக்கு எழுதினார். மண்டியிட்டது அவளே விரும்பிச் செய்த வழக்கம், பாட்டியே வந்து பாராட்டினார் என்றும் எழுதியிருப்பதாக அலுவலர் வாசித்துக் காட்டினார். நான் பாராட்டியது உண்மை. மறுக்கவில்லை. என் நன்றியை அவர் கேடயமாக வைத்திருக்கிறார். அதைத் திரும்ப வாங்கவே வந்தேன். வழக்கத்தில் இரண்டு பேருக்கு வேலை உண்டு. ஒருவர் மட்டும் செய்தால் அதற்கு வேறு பெயர். மீதி மாதங்களை அவள் வேறு அலுவலகத்தில் முடித்து அங்கி பெற அனுமதிக்குமாறு வேண்டுகிறேன்.

மேலே உள்ளதை என் தாய்மொழியில் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது. கூட்டவும் இல்லை, எனக்கு வெட்கமானதைக் குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) எஸ்னார்ட் கசுபா

ஒப்பமிட்ட பின் சாட்சி கூறி, அவர் கேட்டுக்கொண்டபடி சேர்க்கப்பட்டது: சங்கத்தின் இந்தக் கோப்பின் மேல் ஒட்டியுள்ள லோம்பேயின் படம் அந்த அலுவலகத்தில் இருந்தபோது எடுத்தது. அது என் பேத்தியின் முகம் இல்லை. இப்போது அவள் லிவிங்ஸ்டனில் சோலாவோடு இருக்கிறாள். காலையில் சாப்பிடுகிறாளாம், முடி ஒரு விரல்கடை வளர்ந்திருக்கிறதாம். இந்த வாக்குமூலத்தின் நகல் அவளுக்குப் போகும் என்றார்கள். லோம்பே, புதுசா ஒரு படம் எடுத்துத் தபால்ல அனுப்பும்மா. ரெண்டா அனுப்பு. ஒண்ணு இவங்க ஒட்டிக்கட்டும்.