செபமாலையம்மாள் ஆக்கிய மத்திக் குழம்பு

தலைமையேற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மஞ்சும் மழையும் பாராமல் மலையேறி வந்திருக்கும் மூத்தோரே, என் பின்சியை மடியில் போட்டு வளர்த்த தாய்மாரே, போடிமெட்டு தாண்டி வந்த உறவுகளே, வாசலில் நிற்கும் ஜீப்பு ஓட்டும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் ஜின்சனின் வணக்கம்.

மனைவியின் நினைவுநாளில் கணவனே மேடையேறலாமா என்று நினைப்பீர்கள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பேச்சுதான் வருகிறது.

இறந்த வீட்டில் மீனையும் கறியையும் விலக்கி வைப்பது நம் வழக்கம். இன்றைய பூசையோடு அந்த விலக்கு முடிந்தது. பந்தியில் மத்திக் குழம்பு இருக்கிறது. ஆக்கியவர் என் அத்தை செபமாலையம்மாள், பின்சியைப் பெற்றவர். அதை நீங்கள் தொடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்? குழாயடியில் என் காதிலேயே விழுந்தது.

"மேலெல்லாம் தடிப்பு. அதுக்குப் போயி மீனு குடுக்கலாமாடி? பத்தியத்தக் கெடுத்து, பெத்தவளே பிள்ளைய முடிச்சிட்டா."

தலையைக் குனியாதீங்கக்கா, நான் பேரச் சொல்லமாட்டேன்.

தாய்மாரே, நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன். நோயோடு போரிடும் வெள்ளை அணுக்கள் நம் ரத்தத்தில் உண்டு. ஒவ்வோர் அணுவையும் போர்த்தியிருப்பது கொழுப்பால் நெய்த மெல்லிய சவ்வு. அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? நாம் ஊற்றும் எண்ணெயிலிருந்து வருகிறது. நாம் தின்னும் மீனிலிருந்து வருகிறது. சமையல் எண்ணெயில் உள்ள 'ஒமேகா ஆறு' என்னும் கொழுப்பு சவ்வில் மிகுந்தால், அணு எழுப்பும் அழற்சிக் கூச்சல் பெரிதாகலாம். மத்தியில் உள்ள 'ஒமேகா மூன்று' என்னும் கொழுப்பு வாரக்கணக்கில் மெல்ல நுழைந்து கொஞ்சம் இடம் பிடித்தால், கூச்சல் சற்றே தணியலாம்.

என்ன சூசையப்பண்ணே, சிரிக்கிறீங்க? "செக்போஸ்டுல ஆள் மாறுற மாதிரியா மாப்ளே?" ஆமாண்ணே, அதேதான். ஆள் மாறுனா வண்டிய மறிக்கிற விதமும் மாறுதுல்ல?

பின்சிக்கு வந்தது என்ன? காக்க வேண்டிய அணுக்களே அவள் சிறுநீரகத்தைத் தாக்கிய நோய். தடிப்பு அதன் அடையாளம். மீனா கொண்டுவந்தது அந்த நோயை? மீனா வளர்த்தது? மத்தி சாப்பிடட்டும் என்று சொன்னவரே மருத்துவர்தான்.

"அப்ப மத்தி ஏந்தம்பி அவளக் காப்பாத்தல?" என்று ஓர் அக்கா கேட்கிறார். பொய் சொல்லமாட்டேன் அக்கா. மீனால் முடிவது சவ்வில் ஒரு சிறு மாற்றம். சிதைந்துபோன சிறுநீரகத்தை மீட்க அதற்குச் சக்தி இல்லை. மாத்திரை தோற்றது, ஊசி தோற்றது, நான் படித்த படிப்பும் தோற்றது. தோற்ற அத்தனையையும் விட்டுவிட்டு, ஊட்டிய கையை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டீர்கள்?

எதையும் வாயில் வைக்காத பின்சி, அந்தக் குழம்புக்கு மட்டும் எழுந்து உட்கார்ந்தாள். "நீயே முள்ளெடும்மா. இவரு எடுத்தா முள்ளுதான் மிஞ்சும்" என்றாள். நான் கேட்ட அவளுடைய கடைசிக் கேலி அது.

அத்தை அதோ, அடுக்களை வாசலில் கரண்டியோடு நிற்கிறார். உப்பு சரியா என்றுகூட இன்னும் பார்க்கவில்லை. யாராவது தின்று சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்.

முதல் இலையில் நான் உட்காரப் போகிறேன். பக்கத்து இலைகள் காலியாக இருக்கின்றன. கேட்டிருந்தோர்க்கு என் நன்றி. வந்து உட்காருவோர்க்கு என் வணக்கம்.