களவு போன பையும் வீட்டுப் பெட்டியும்

ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறிய இரு பெண்கள் என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். இளையவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"என் லேப்டாப்பு, அவரு போனு, ரெண்டும் பையோட களவு போயிருச்சுக்கா. ஆனா ஒண்ணும் போகல!"

"என்னடி ஒளறுற?"

"வீட்டுல வைஃபையோட ஒரு சின்னப் பெட்டி மாட்டிருக்கேன்ல? ரெண்டுலயும் இருக்கிறது அன்னன்னைக்கே அதுல தானா ஏறிரும். என் ஆராய்ச்சி அம்புட்டும் பத்திரமா இருக்கு."

"நாள் பூரா ஓடுனா கரண்டு இழுக்குமே?"

"ஒரு குண்டு பல்பு அளவுகூட இழுக்காது. அதுக்குத்தான் நல்லா விசாரிச்சு வாங்குனேன், வெலயும் கம்மி. அவருதான் தண்ட டப்பான்னு கேலி பண்ணாரு."

"இப்ப என்ன சொல்றாரு?"

"பாப்பா பொறந்த அன்னைக்கு அவரு எடுத்த போட்டோவ அதுலருந்து காட்டுனேன். மனுசன் அழுதுட்டாரு. இன்னைக்குக் காலையில, ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணுல இருக்கும், அந்தப் பெட்டிக்குள்ள இன்னொரு டிஸ்க்கும் வாங்கிப் போடுவமான்னு அவரே கேக்குறாருக்கா!"