அழுதால் கடைசி

என் மருந்துக் கூடத்தில் சத்தம் இருக்காது. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். விசாரணைக்கு வந்த நீங்களும் கவனித்திருப்பீர்கள். வெளியே வாங்குப் பலகையில் அத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரு முனகல் கேட்கிறதா?

ஐம்பத்தேழாம் ஆண்டில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக வந்தபோது இப்படி இல்லை. இங்கே ஒரு வழக்கம். அதிகாரத்தில் உள்ளவனிடம் எதைக் கேட்பதானாலும் முதலில் அழுதுவிடுவார்கள். காலில் விழுவார்கள், நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள், பிறகுதான் விஷயம் வரும். அட்டை கடித்த காலுக்கும் அந்த அழுகைதான், நெஞ்சுவலிக்கும் அந்த அழுகைதான். யாருக்கு உண்மையில் நோய் என்று நான் எதை வைத்துத் தீர்மானிப்பது? நீங்களே சொல்லுங்கள்.

அதனால் ஒரு சட்டம் போட்டேன். எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, என்ன சாப்பிட்டது. இந்த மூன்றை மட்டும் சொல்ல வேண்டும். அழுகிறவர் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், பிறகு படிந்துவிட்டார்கள். தங்கள் முறை வருவதற்குள் அந்த மூன்று பதில்களையும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொள்வார்கள். பார்க்கவே திருப்தியாக இருக்கும். கல்லூரி விவாத மேடையில் நான் தோற்றதில்லை. எதிரில் நிற்பவனின் கண் கலங்கினால் போதும், வெற்றி எனக்குத்தான். கண்ணீர் நுழைந்த இடத்தில் நியாயம் இருக்காது என்பது அன்றைக்கும் இன்றைக்கும் என் கொள்கை.

சரி, வடிவம்மாவுக்கு வருகிறேன். கொழுந்து பறிப்பவள், லயத்து வரிசை வீடொன்றில் இருப்பவள். அன்று காலை மகள் பரிமளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றாள். பிள்ளைக்கு ஐந்து வயது இருக்கும். வடிவம்மா அழவில்லை.

"முந்தாநாள்ல இருந்து காய்ச்சலுங்க ஐயா. ராத்திரி முழுக்க வாந்தி. கழுத்தை மடக்க முடியல, வெளிச்சம் பட்டா கண்ணை மூடிக்குது. மேல் லயத்துப் பையனுக்கும் போன மாசம் இப்படித்தாங்க இருந்துச்சு. நீங்க மாத்திரை குடுத்து அனுப்பினீங்க. மறுநாளே போயிட்டான். அதனால மாத்திரை வேணாங்க. பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க."

பதுளைக்குத் தோட்டத்து லொறி போக வேண்டுமானால் என் கையெழுத்து வேண்டும். அது அவளுக்கும் தெரியும், மற்ற பெண்களுக்கும் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தோட்டத்தில் அவ்வளவு ஒழுங்காகப் பேசி யாரையும் நான் கேட்டதில்லை. அறிகுறி, முன் நடந்தது, முடிவு. மேடையில் நானே பேசியிருந்தாலும் அப்படித்தான் அடுக்கியிருப்பேன்.

"பிள்ளைக்கு அவ்வளவு கடுமையெண்டால் பெத்த தாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் வராதோ?" என்று கேட்டேன்.

"அழுதா கடைசிக்குப் போகச் சொல்லுவீங்களே ஐயா. கடைசிக்குப் போக நேரமில்லீங்க."

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பெரிய சிரிப்பில்லை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. எதிர்த்துப் பேசுவதும் ஒருவகை உணர்ச்சிதான் என்று மட்டும் தீர்மானித்தேன்.

"கடைசிக்குப் போ" என்றேன்.

போனாள். எனக்கு உதவிக்கு நிற்கும் கணபதி பக்கத்தில் வந்து, "லொறி கொழுந்து எறக்கிட்டு சும்மாதாங்க நிக்குது" என்றான். வரிசை வரிசைதான் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்தேன். இருமலோடு வந்த ஒரு கிழவரிடம் அவருடைய சொந்த ஊரைப் பற்றிக்கூட விசாரித்தேன். இடையிடையே தலையை நிமிர்த்தி வடிவம்மாவைப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் அவள் கண் காய்ந்துதான் இருந்தது. நேராக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் முறை வந்தபோது பிள்ளைக்குக் கூப்பிட்டால் கேட்கவில்லை. உடனே கையெழுத்துப் போட்டேன். தாமதித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. லொறி பாதி மலை இறங்குவதற்குள் முடிந்துவிட்டதாம்.

நோய் எனக்குத் தெரியவில்லையா என்று கேட்டீர்கள். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. காலையில் அவள் முதல் ஆளாக நின்றபோதே பிள்ளையை மேசையில் கிடத்திப் பார்த்தேன். பிடரியில் கை வைத்துத் தலையைத் தூக்கினேன். கழுத்து மடியவில்லை, தலையோடு தோளும் சேர்ந்து எழும்பியது. அது மூளைக்காய்ச்சல் என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்பதும் தெரியும். மேல் லயத்துப் பையன் விஷயத்தில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்தப் பிள்ளை விஷயத்தில் தெரிந்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆத்திரமா என்றும் கேட்டீர்கள். ஆத்திரக்காரனுக்குக் கை நடுங்கும். அன்று நான் ஒரு துளி மருந்தைச் சிந்தவில்லை, கணபதியைக் கேட்டுப் பாருங்கள். செத்த வீட்டிலிருந்து நேராக இங்கே வந்து, நான்தான் கொன்றேன் என்று மண்ணை வாரி இறைத்தார்களே, அவர்களுடைய ஒப்பாரியை நீங்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டால் எனக்கு உங்கள் மேல்தான் மரியாதை குறையும். அந்தக் கூட்டத்தில் வடிவம்மா இல்லை. அவள் இன்னும் அழவில்லை என்கிறார்கள். பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டும் அழாதவள் எப்படிப்பட்டவள் என்று யாராவது அவளிடம் விசாரித்தீர்களா?

நான் செய்ததில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. உணர்ச்சிக்கு இடம் கொடுக்காமல், தெரிந்தேதான் அவளை நிறுத்திவைத்தேன். அவளுக்கு நான் வாய்ப்புத் தராமலும் இல்லை. அந்தக் காலை முழுவதும் தலையை நிமிர்த்தி நிமிர்த்தி அவள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சொட்டு விட்டிருந்தால், அந்த நிமிஷமே லொறியைக் கூப்பிட்டிருப்பேன்.