செகண்டுக்கு மூன்று குமிழி

செடி வைத்த மீன் தொட்டிக்குப் பொறுமை இருந்தால் போதும், சார். அது பலருக்கு இருப்பதில்லை.

என் மச்சான் பாலகுமாருக்கு இல்லை. சேலத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறார். செடிகள் வளர கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் மாட்டிக்கொடுத்தவர் அவர்தான். "செகண்டுக்கு மூணு குமிழி உடுங்க மாப்ள. எங்கூட்டுத் தொட்டி காடாட்டம் நிக்குது." சேலத்து வெயிலில் நிற்கும். ஏற்காட்டின் குளிர்ந்த தண்ணீர் வாயுவை லேசில் வெளியே விடாது. இங்கே ஒரு குமிழியே அதிகம். வேதியியல் படித்தவன் சொன்னால் கடைக்காரருக்குச் சிரிப்பு. "புக்குலயா மாப்ள மீன் வளக்கறீங்க?"

என் மனைவி சிவசக்தியும் அண்ணன் பேச்சைத்தான் நம்பினாள். அந்த ஞாயிறு நான் கடைவீதிக்குப் போயிருந்தேன். அவர் போனில் சொல்லச் சொல்ல, இவள் வால்வைத் திருகி மூன்றாக்கியிருக்கிறாள். மதியம் திரும்பியபோது பதினெட்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தொட்டிக்குள் தொங்கும் நிறங்காட்டி பச்சையாக இருக்க வேண்டும். வாயு மிஞ்சி மஞ்சளாகியிருந்தது.

வால்வை மூடினேன். தண்ணீரை மாற்றத் தொடங்கினேன்.

வெளியே பனிமூட்டம். பனி இறங்கினால் சிவசக்திக்கு இழுப்பு வரும். வந்தது.

"ஏனுங்க, என்ற இன்ஹேலரப் பாத்தீங்களா?"

தொட்டி மூடியின் மேல் கிடந்தது. எதையும் கண்ட இடத்தில் போடுவாள். அதை எடுத்து என் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

"தேடு," என்றேன்.

அலமாரியில் தேடினாள். கட்டிலுக்கு அடியில் தேடினாள். பிறகு தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். மீனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியட்டும் என நினைத்தேன். சொல்லிப் புரிகிற குடும்பம் இல்லை அது.

"ஆஸ்பத்திரிக்கு... ஜீப்பு... கூப்புடுங்க..."

என் கை ஈரமாக இருந்தது.

நிறங்காட்டி உடனே மாறாது, சார். தண்ணீர் சரியாகி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் காட்டும். அதுவரை பக்கத்தில் இருக்க வேண்டும். இருந்தேன். அவள் சத்தம் நாற்பது நிமிடத்தில் நின்றது.

சாவுக்கு வந்த பாலகுமார் என் கையைப் பிடித்து அழுதார். "கண்ணாட்டம் பாத்துக்கிட்டீங்களே மாப்ள." அப்போதும் இன்ஹேலர் அதே பையில்தான் இருந்தது. இதோ, எடுத்துக்கொள்ளுங்கள்.

கொலை என்றே எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் எழுத வேண்டும்: நான்கு மணிக்குப் பச்சை வந்துவிட்டது. ஒரு மீன்கூடச் சாகவில்லை.