புள்ளி வைத்த இரும்பு

ஆய்வாளர் ஐயா, நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். இந்த வயதில் பொய் சொல்லி நான் யார் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகப்போகிறேன்? உங்கள் எழுத்தரை நிதானமாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த நாற்காலி நல்ல நாற்காலி, முதுகுக்கு இதமாக இருக்கிறது.

ஜிம் வைக்கலாம் என்பது என் மகளுடைய யோசனை. ஆஸ்பத்திரியில் கை கால் மடங்காதவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். பிள்ளை பெற்று இடுப்பு விட்டுப்போனவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள், நாலு பேர் முன்னால் குனிந்து நிமிர வெட்கப்படுபவர்கள், இவர்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்றாள். குடியிருந்த வீட்டை விற்றோம். கடைத்தெருவில் மூடிக்கிடந்த ஒரு மெத்தைக் கடையை வாடகைக்கு எடுத்தோம். முன்பக்கம் ஜிம். பின்பக்கம், மெத்தை அடுக்கியிருந்த அறையில், நானும் அவளும். அதாவது ஜிம் கைவிட்டுப் போனால் எங்களுக்குத் தலை சாய்க்க இடமில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆயத்த வேலைகள் அமர்க்களமாக நடந்தன. சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்தோம். தபால்காரர் உள்ளே வந்து, எதிரே நின்ற தனக்கே வணக்கம் போட்டு, பதில் வணக்கமும் கிடைத்த திருப்தியில் தபாலைக் கொடுக்காமலே போய்விட்டார். கண்ணாடி அவ்வளவு சுத்தம். டிரெட்மில்லுக்கு இணைப்புக் கொடுக்க வந்த எலக்ட்ரீஷியன் அதில் ஏறி நின்றுகொண்டு ஓடவிட்டுப் பார்த்தார். நிறுத்துகிற பொத்தான் இன்னும் பார்சலுக்குள் இருந்தது. நாங்கள் மெயினைத் தேடி அணைப்பதற்குள் அவர் தொப்பை முழுக்கக் கரைந்து, வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினால், அவர் சம்சாரம் “யாரு வேணும்?” என்று கேட்டிருக்கிறார். சிரிக்காதீர்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

பெயர்ப் பலகை எழுதியது நான். வாழ்நாள் முழுக்கக் கடைப் பலகை எழுதிப் பிழைத்தவன். என் மகள் பெயரைச் சிவப்பில் எழுதி, மஞ்சளில் நிழல் கொடுத்திருந்தேன். தெருவே நின்று பார்த்தது. பார்த்ததோடு சரி, பேர் கொடுத்துச் சேர யாரும் உள்ளே வரவில்லை.

அதனால்தான் பயிற்சி கொடுக்க மாஸ்டர் வந்தார். ஆளைப் பார்த்தே கூட்டம் சேரும் என்று யாரோ அனுப்பிவைத்தார்கள். பெரிய பரிசெல்லாம் வாங்கியவர் என்றார்கள். பரிசைப் பார்த்தவர் யாருமில்லை. முதல் நாளே எனக்கு அவர்மேல் சந்தேகம். ஜிம்முக்கு வருகிறவன் இரும்பைப் பார்ப்பான், கண்ணாடியைப் பார்ப்பான். இவர் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்தார், கட்டடத்துச் சொந்தக்காரர் எங்கே குடியிருக்கிறார் என்று விசாரித்தார். என்னிடம் வந்து, “பெருசு, நீங்க எங்க படுக்கிறீங்க? குளிருமே?” என்று அக்கறையாகக் கேட்டார். அக்கறையாகக் கேட்பவர்களிடம் நான் எப்போதுமே ஜாக்கிரதை.

அதற்கப்புறம் எல்லாம் மெதுமெதுவாக நடந்தது. அட்டவணையில் காலையில் பெண்களுக்கு என்று போட்டிருந்த நேரம் உச்சி வெயிலுக்குத் தள்ளிப்போனது. பிறகு அதுவும் இல்லை. பூட்டு பழையதாகிவிட்டதென்று மாற்றினார். புதுச் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. கட்டடக்காரர் என் மகளிடம் பேசுவதை விட்டுவிட்டு அவரிடம் பேச ஆரம்பித்தார். பலகையில் மகள் பெயரை அழித்துவிட்டு அவர் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். தொழில் வேறு, மனசு வேறு.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது என் மகளை உட்காரவைத்துப் பேசினார். நானும் அங்கேதான் இருந்தேன். என்னை அவர் சாமான்களோடு சாமானாகவே கணக்கில் வைத்திருந்தார்.

“விழா முடிஞ்சதும் ஜிம்மை என் பேருக்கு எழுதிக் குடுத்துடும்மா. நீ இங்கயே வேலை பாக்கலாம், நான் ஒண்ணும் விரட்டலை.”

“முடியாதுன்னா?”

“நான் கிளம்பிடுவேன். எனக்காகச் சேர்ந்தவங்களும் கிளம்பிடுவாங்க. கட்டடக்காரரும் இடத்தைக் காலி பண்ணச் சொல்லுவாரு. அப்புறம் அந்தப் பின்னறை எனக்கு ஆவிக்குளியலுக்கு வேணும்.”

“அப்பா எங்க போவாரு?”

“பெருசுக்கு ஒரு ஹோம் பாத்து வெச்சிருக்கேன். டிவியெல்லாம் இருக்கு.”

என் மகள் எழுந்து போய் மெஷின்களைத் துடைத்தாள். கோபம் வந்தால் துடைப்பது அவள் வழக்கம். அன்று ரொம்ப நேரம் துடைத்தாள். அதற்காக அவள்மேல் சந்தேகப்படாதீர்கள், துடைப்பது ஒரு குற்றமா?

மாஸ்டருடைய பலம் எவ்வளவு என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. விழாவன்று பெஞ்சில் மல்லாந்து படுத்து, இந்த ஊரில் யாரும் தூக்காத எடையைத் தூக்கப்போவதாக போஸ்டர் ஒட்டியிருந்தார். அதற்காக ஒரு போட்டோ ஸ்டூடியோவிலிருந்து எடைக்கு மாட்டுகிற மாதிரி பிளாஸ்டிக் பிளேட்டுகள் வந்து இறங்கின. உள்ளே காற்றுதான். அவற்றைக் கறுப்படித்து, எண் எழுதி, அசல் இரும்புபோல ஆக்குவது என் வேலை. ஆக்கினேன். பக்கத்தில் வைத்தால் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. அதனால் போலிக்கு மட்டும், நடு ஓட்டைக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கச் சொன்னார். “இது நமக்குள்ளேயே இருக்கட்டும் பெருசு” என்றார். என் மகள் பெயின்ட் டின்னைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டின்னை மட்டும்.

மறுநாள் மதியம் அவர் முடிவெட்டப் போனார். நான் போலியிலிருந்த புள்ளிகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரும்புக்குப் புள்ளி வைத்தேன். அதற்குப் பெரிய தெம்பு வேண்டியதில்லை, மெல்லிய பிரஷ் ஒன்று போதும். அப்போதும் மகள்தான் டின் பிடித்தாள். எதற்கென்று கேட்கவில்லை, எதையும் துருவிக் கேட்கிற பெண்ணில்லை அவள். அவள் நகக்கண்ணில் வெள்ளைப் பெயின்ட் இருந்தது என்கிறீர்கள். டின் பிடித்தவள் நகத்தில் வேறென்ன இருக்கும்? அவள் பிரஷ்ஷைத் தொடவில்லை. இந்த வரிக்கு ஒரு அடிக்கோடு போடச் சொல்லுங்கள்.

விழாவுக்கு மாஸ்டர் மூட்டை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேரை வரவழைத்திருந்தார். அவர்களுக்குப் போலி விவகாரம் தெரியாது. புள்ளி வைத்த பிளேட்டுகளைப் பார் என்கிற இரும்புத் தண்டில் மாட்ட வேண்டும், ஆளுக்கொரு பக்கம் தூக்கி அவர் கையில் கொடுக்க வேண்டும், கொடுத்ததும் விலகிவிட வேண்டும். அவ்வளவுதான். முந்தின நாள் ஒத்திகையில் வெறும் பாரை வைத்துக்கொண்டே அவர் கத்தினார், முகத்தைச் சிவக்கவைத்தார், காலை உதைத்தார். “நான் எவ்வளவு கத்தினாலும் கிட்ட வரக்கூடாது. தொட்டீங்கன்னா நீங்க தூக்கினதா பேராயிடும்” என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவைத்தார். நல்ல மனிதர்கள், சொன்ன சொல் தவறாதவர்கள்.

அன்றைக்கு அவர் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், திரைக்குப் பின்னால் மாட்டி முடித்துவிட்டார்கள். திரை விலகியது. வந்தார், கும்பிட்டார், படுத்தார். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிக் கொடுத்தார்கள். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “விடுங்கப்பா” என்றார். விட்டார்கள்.

கத்தினார். ஒத்திகையைவிட நன்றாகவே கத்தினார். கூட்டம் கைதட்டியது. முகம் சிவந்தது, கைதட்டியது. கால் உதைத்துக்கொண்டது, இன்னும் பலமாகத் தட்டியது. அந்த இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் இருந்தால் யாருக்காவது சந்தேகம் வரும். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் அவரும் ஓய்ந்திருந்தது தெரிந்தது.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. பலகையில் அவர் பெயருக்குக் கொடுத்த நிழல் ரொம்ப அழகாக வந்திருந்தது. அதை அழிக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது காலையில் பெண்கள் வருகிறார்கள், மூட்டு தேய்ந்தவர்கள் வருகிறார்கள். என் மகள் கையால் இதுவரை ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

உங்கள் எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டார்போல, பேனா சத்தம் கேட்கவில்லை. எழுதச் சொல்லுங்கள் ஐயா. யோசித்தது நான், செய்தது நான், நான் மட்டும். மகள் வெளியே உட்கார்ந்திருப்பாள், அவளுக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் விரலைப் பிடித்து வையுங்கள். எனக்கு இரண்டு கண்ணும் தெரியாமல் போய் நாலு வருஷமாகிறது.