இரண்டு நாள் பின்தங்கிய தேதி

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை முதல் தாளில் பதிவாகியுள்ளன. வயது நாற்பத்து மூன்று. கணினி பழுது பார்ப்பது என் தொழில். ரொட்டி வேன் ஓட்டும் என் மனைவியின் தம்பி மீதுள்ள விபத்து வழக்கு தொடர்பாக, அழைப்பு எதுவும் இல்லாமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, சாலை வளைவுக்கு முன்னால் உள்ள மருந்துக்கடைக்குக் கணினி பழுது பார்க்கப் போனேன். கடைக்காரர், "எண்பத்தேழு சதவீதம் வரைக்கும் போய் ரிவர்ஸ் எடுக்குது தம்பி, என் மருமகன் மாதிரி," என்றார். ஆறு முறை அப்டேட் ஏறாமல் திரும்பியிருந்தது. வாசல் கேமராவின் பதிவும் அதே கணினியில்தான் சேர்கிறது.

நான் ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஏறவில்லை. அதன் பிறகு ஹார்ட் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன், நிறைய இருந்தது. அதன் பிறகு அரைகுறையாக இறங்கிக் கிடந்த அப்டேட் கோப்புகளை அழித்துப் புதிதாக இறக்கினேன், அதுவும் அதே இடத்தில் நின்றது. அதன் பிறகு ஆன்டிவைரஸை நிறுத்தினேன், பிரின்டரைக் கழற்றினேன், பலன் இல்லை. ஒன்பதாவது முறை வந்த பிழைச் செய்தியை முழுதாகப் படித்தபோது, கோப்பின் முத்திரை இன்னும் செல்லுபடி ஆகவில்லை என்று இருந்தது. அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தேன். நேரம் சரியாக இருந்தது. தேதி பதின்மூன்று என்று இருந்தது.

கணினிக்குள் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்திருந்தது. கடைக்காரர் கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை அணைப்பவர். அதனால் தினமும் காலையில் கணினி நேரமும் தேதியும் கேட்கும், அவர் நேரத்தைக் கைக்கடிகாரத்திலும் தேதியை மருந்து அலமாரிக்குப் பின்னால் தொங்கும் தினசரிக் காலண்டரிலும் பார்த்துத் தட்டச்சு செய்வார். அதற்கு முந்தைய வாரம் காய்ச்சல் என்று இரண்டு நாள் கடை திறக்கவில்லை. திரும்பி வந்த அன்று வழக்கம்போல ஒரு தாள் மட்டும் கிழித்திருக்கிறார்.

"காலண்டர் பொய் சொல்லுமா தம்பி?" என்று கேட்டார்.

"அது சொல்லாதுண்ணே. நாமதான் கிழிக்கணும்," என்றேன்.

நான் பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினேன். இணையத்திலிருந்து தேதியைத் தானாக எடுக்கும்படியும் வைத்தேன். அப்டேட் இருபது நிமிடத்தில் ஏறியது. அவர் காலண்டரில் இரண்டு தாளைக் கிழித்துக் கசக்கிப் போட்டார்.

எதையும் திருத்துமுன் திரையைப் படம் எடுப்பது என் வழக்கம். நான் தொட்டதால்தான் கெட்டது என்று பின்னால் சொல்பவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்து நான் சொல்லச் சொல்ல என் மனைவி வேலை நோட்டில் எழுதுவார். அதன் பிறகு படத்தை அழித்துவிடுவேன். அன்றும் அப்படியே செய்தோம்.

வளைவில் தையல்கார அம்மா ஒருவரை ரொட்டி வேன் மோதிவிட்டுப் போனது பதினான்காம் தேதி காலையில் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மைத்துனர் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். "கேமரா என்னைக் காப்பாத்திடுச்சு மாமா. பதினாலாம் தேதி பதிவே இல்லையாம். பன்னெண்டுல என் வண்டி போகுதாம். அன்னைக்குத்தானே போனேன்னு போலீஸ்காரங்களே கேட்டாங்க, நானும் ஆமான்னுட்டேன்," என்றார். நான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவர் இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு என் மனைவி வேலை நோட்டை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தார்.

"என்னங்க, பன்னெண்டுன்னா பதினாலா?"

"ஆமா."

"இதைக் கிழிச்சா?"

"பக்க நம்பர் இடிக்கும். கடைக்காரண்ணன் தாளைக் கிழிச்சதோட மறந்திருப்பாரு. வேற யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே," என்றார். நோட்டை மூடிவிட்டு, "அந்தம்மாவுக்கு இடது காலாம். தையல் மிஷின் மிதிக்கிற காலு," என்றார். அதன் பிறகு எச்சில் தட்டுகளை எடுத்துப் போனார். தம்பியின் தட்டைக் கடைசியாகக் கழுவினார்.

ஆகவே, அந்தக் கணினியில் பன்னிரண்டு என்று பதிவான காட்சி உண்மையில் பதினான்காம் தேதிக் காட்சி. அதில் வேனுக்கு முன்னால் யாராவது நடந்து போகிறாரா என்று நான் பார்க்கவில்லை. அதைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வேலை நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். பக்கம் முப்பத்தொன்றில் 'தேதி 2 நாள் பின்னால் இருந்தது, திருத்தப்பட்டது' என்று உள்ளது.

யாராவது தூண்டிச் சொல்கிறேனா என்று ஆய்வாளர் கேட்டார். இல்லை. அந்தப் பக்கத்தில் இருப்பது என் மனைவியின் கையெழுத்து. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அழைத்துக் கேட்டால், அது தன் கையெழுத்துதான் என்று சொல்லவே வந்திருக்கிறார்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை அத்தனையும் உண்மை. தேதியைச் சரிபார்த்துவிட்டுக் கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்)