பதினொரு வரி எச்சரிக்கை

விசாரணை அதிகாரி அம்மா அவர்களுக்கு,

காய்ந்துபோன சுவரில் 'பெயின்ட் ஈரம்' என்று அட்டை தொங்கினால் எனக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் அலுவலக மாடிப்படியில் அப்படி ஒன்று மூன்று வருடம் தொங்கியது. கழற்றியவன் நான்தான். அதற்கு யாரும் என்னைக் கைது செய்யவில்லை.

என் வேலையும் அதே மாதிரிதான். கம்ப்யூட்டர் இயங்குதளத்தின் அடிமட்ட நிரலில் காலாவதியான குறிப்புகளைத் தேடி நீக்குவேன். அங்கே அட்டாமிக் எண்கள் என்று உண்டு. பல வேலைகள் ஒரே நேரத்தில் கை வைத்தாலும் பிசகாத எண்கள். அவற்றின் தலைமாட்டில் பதினொரு வரி எச்சரிக்கை ஒன்று கிடந்தது. பழைய சிப் ஒன்றில் இந்த எண் எண்பத்து மூன்று லட்சத்துச் சொச்சம் வரைதான் தாங்கும், மீறினால் தலைகீழாகிவிடும், அதற்குள் பூஜ்யமாக்கிவிடவும் என்று. அந்தச் சிப்பை நாங்கள் கைவிட்டு வருடக்கணக்கு ஆகிறது.

நீக்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் மறுத்தவர் ஒருவர்தான். எதைக் கேட்டாலும் வேண்டாம் என்பதால் அவருக்கு 'வேண்டாம் சார்' என்றே பெயர்.

"கிடந்துட்டுப் போகுதுப்பா. உங்கிட்ட சோறா கேக்குது?" என்பார்.

எதையும் நீக்குமுன் அறிவித்துவிட்டு, இரண்டு வாரம் மறுப்புக்குக் காத்திருக்க வேண்டும். அவர் கண் ஆபரேஷனுக்குப் போன அன்று அறிவித்தேன். கண்ணில் கட்டுப் போட்டவர் எப்படிப் படிப்பார் என்று கேட்பீர்கள். விதியில் அது இல்லை. யாரும் மறுக்கவில்லை, நீக்கினேன்.

இரண்டு மாதம் கழித்து, சுவாசக் கருவி செய்யும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார்.

"சார், எங்க பழைய மாடல்ல வாரத்துக்கு ஒரு தடவை எண்ணைப் பூஜ்யமாக்குற வரி ஒண்ணு இருக்கு. எதுக்குன்னே தெரியலை. எடுத்துடலாமா?"

"எங்க பக்கம் ஏதாவது எச்சரிக்கை போட்டிருக்கா, பாருங்கம்மா."

"ஒண்ணும் இல்லையே சார்."

"அப்புறம் என்ன?" என்றேன்.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அந்தப் பழைய சிப்பில் ஓடி, நொடிக்குப் பத்து முறை எண்ணும் கருவி அது. இடையில் அணைத்துப் போடாவிட்டால், ஒன்பது நாள் பதினேழு மணி நேரத்தில் எண் தலைகீழாகி, கருவி நின்றுவிடும். அதில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த மூன்று நோயாளிகள் பத்தாம் நாள் இறந்தார்கள் என்பது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வருத்தமான விஷயம்.

இப்போது ஒரு சிறு விண்ணப்பம். விசாரணையின்போது மணி என்ன என்று நான் நாலைந்து தடவை கேட்டதை மனசாட்சி உறுத்தல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில்லை. நாலு வருடமாக என் அம்மா மூச்சு விடுவதும் அதே மாடலில்தான். புது நிரல் அதிலும் தானாக ஏறிவிட்டது. ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு, கைப்பம்பால் மூச்சு கொடுத்துக்கொண்டே, கருவியை ஒரு நிமிடம் அணைத்துப் போடுவேன். தூசி துடைக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவளுக்கு வேறொன்றும் தெரியாது. போன ஞாயிறு நான் இங்கே உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இன்று செவ்வாய்.

தயவுசெய்து, விஷயம் தெரிந்த நர்ஸ் ஒருவரை நாளைக் காலையே வீட்டுக்கு அனுப்பி, அதை ஒரு தடவை அணைத்துப் போடச் சொல்லுங்கள். இதை வைத்து எனக்கு முன்பே தெரியும் என்று எழுதிவிட வேண்டாம். அந்த எச்சரிக்கை காலாவதியானதுதான். இது அந்தப் பெண் போன் செய்த வாரத்திலிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட வெறும் பழக்கம்.

ஆனால் பத்து மணியைத் தாண்டக் கூடாது.